மாற்றி ஒட்டிய கோடுகள்

அண்ணே,

இன்று காலை கோலா சிலாங்கூர் பாசாரில் முருங்கைக்காய் வாங்கினேன். அந்தக் காய்கறிக் கடைத் தம்பி தராசுக்குப் பக்கத்தில் ஓர் அட்டையைக் கட்டித் தொங்கவிட்டிருப்பான். அட்டை நிறையக் கறுப்பும் வெள்ளையுமாகக் குட்டிக் கட்டங்கள். கைப்பேசியை அதன்முன் பிடித்தால் கடையின் பெயர் வரும். பணம் போய்ச் சேரும். இன்று பிடித்தபோது ஏதோ ஒரு பூக்கடையின் பெயர் வந்தது. "தம்பி, இது யாரு?" என்று கேட்டேன்.

அவன் எட்டிப் பார்த்துச் சிரித்தான். "பொறுங்கக்கா. மாத்தி ஒட்டிட்டேன். அது என் வீட்டுக்காரி கடையோடது."

எனக்குப் பின்னால் ஐந்தாறு பேர் நின்றார்கள். அத்தனை பேருக்கும் கேட்கும்படிதான் சொன்னான். ஒட்டியிருந்ததை நகத்தால் உரித்தான், மேசைக்குள்ளிருந்து வேறொன்றை எடுத்து ஒட்டினான், "இப்ப பாருங்க" என்றான். சரியான பெயர் வந்தது. யாரும் அவனைத் திட்டவில்லை. அடுத்து நின்றவர் கத்தரிக்காயைத் தராசில் வைத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து முருங்கைக்காயை நறுக்காமல் உட்கார்ந்திருக்கிறேன். மாத்தி ஒட்டிட்டேன். இரண்டு சொல். இந்த இரண்டு சொல்லை உங்களிடம் சொல்ல எனக்கு முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் இருந்தன. எத்தனை முறை எதிரெதிரே நின்றிருக்கிறோம். இப்போது நீங்கள் போய் இரண்டு மாதம் ஆகிறது. அதனால்தான் எழுதுகிறேன். எழுதும் துணிவு இப்போதுதான் வருகிறது என்பதும் ஒரு வெட்கக்கேடுதான்.

உங்களை நான் முதலில் பார்த்தது எண்பதுகளின் கடைசியில். டவுன் பஸ் நிலையத்துக்கு எதிர்வரிசையில், துணிக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது எங்கள் நூலகம். சுற்றுவட்டாரத்தில் சில தோட்டங்களை வைத்திருந்த ஒரு கம்பெனி தொழிலாளர் பிள்ளைகளுக்காக அதை நடத்தியது. இன்று அந்தக் கம்பெனியும் இல்லை, நூலகமும் இல்லை. எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. நானும் தோட்டத்து வரிசைவீட்டில், லயத்தில் பிறந்தவள்தான். என் அம்மா ரப்பர் பால்மரம் சீவினாள், அப்பா புல் வெட்டினார். எனக்கு அந்த வேலை கிடைத்ததும் அம்மா லயத்தில் ஒரு வீடு விடாமல் போய், "எம்மக ஃபேன் கீழ உக்காந்து வேல செய்யுது" என்று சொல்லிவிட்டு வந்தாள். ஓர் ஆண்டு தற்காலிகம்; அதற்குப் பிறகு நிரந்தரமாக்குவதா வேண்டாமா என்று கோலாலம்பூரிலிருந்து வரும் மேலாளர் முடிவு செய்வார்.

நீங்கள் கம்போங் குவாந்தானுக்கு அப்பாலிருந்த தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினீர்கள். ஒரு சனிக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு படியேறி வந்தீர்கள். உறுப்பினர் பாரத்தில் பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டும்.

"தமிழ்லதா கையெழுத்து வரும் மிஸ். செல்லுமா?" என்று கேட்டீர்கள்.

"செல்லும் அண்ணே."

ஒவ்வோர் எழுத்தாக அழுத்தி எழுதினீர்கள். தாளின் பின்பக்கமே புடைத்துக்கொண்டது. பிறகு பேனாவை மூடாமல், "புள்ள புஸ்தகத்த தொலைச்சுட்டா என்னா செய்வீங்க?" என்றீர்கள். கையெழுத்துப் போட்டவர்தான் பொறுப்பு என்றேன். நீங்கள் வாசுகியைத் திரும்பிப் பார்த்து, "அப்ப தொலைக்காது" என்று அவளுக்கும் சேர்த்துப் பதில் சொன்னீர்கள்.

அவள் அப்போதுதான் தமிழ்ப்பள்ளி முடித்து ரிமூவ் வகுப்புக்கு வந்திருந்தாள். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் மலாய் தேறுவதற்காக ஓர் ஆண்டு உட்கார வேண்டிய வகுப்பு. அதை அவமானமாக நினைத்தாளோ என்னவோ, வருகிறபோதெல்லாம் பெரிய பெரிய ஆங்கிலப் புத்தகமாகத்தான் எடுப்பாள். பாதி புரியாது. படத்தைப் பார்த்துவிட்டு அடியில் இருக்கும் பெயரை என்னிடம் கேட்டு எழுதிக்கொள்வாள். பள்ளி விட்டு, பஸ் வருவதற்குள் ஓடி வந்து ஓடிப்போகிற பிள்ளை.

சில மாதத்தில் எங்களுக்குக் கம்ப்யூட்டர் வரப்போகிறது என்றார்கள். தலைமை அலுவலகம் புதிது வாங்கியதால் பழையது எங்களுக்கு. கூடவே ஒரு பேனா. அது எழுதாது. நுனியில் சிவப்பு வெளிச்சம் எரியும். புத்தகத்தில் ஒட்டிய கோடுகளின் மேல் அதை ஒரே வேகத்தில் இழுத்தால் 'பீப்' என்று சத்தம் வரும். திரையில் புத்தகத்தின் பெயர் நிற்கும். பின்னால் அதைப் பொருத்தக் கோலாலம்பூரிலிருந்து வந்த சீன இளைஞர் ஒருவர் எனக்கும், என்னோடு வேலை செய்த ரோஹானி அக்காவுக்கும் விளக்கினார். கறுப்புக் கோடு வெளிச்சத்தைக் குடித்துவிடும், வெள்ளை இடைவெளி திருப்பி அனுப்பும். எது தடிமன், எது மெல்லியது என்று கணக்கிட்டு இயந்திரம் அதை எண்ணாக மாற்றிக்கொள்ளும். கடைசியாக நிற்கும் ஓர் இலக்கம் மட்டும் காவல்காரன் மாதிரி. முன்னாலிருக்கும் எண்களைப் பெருக்கிக் கூட்டினால் அந்த இலக்கம் வர வேண்டும். வராவிட்டால் எங்கோ தவறாகப் படித்துவிட்டோம் என்று இயந்திரம் தெரிந்துகொண்டு சத்தமே போடாது. அவர் ஒரு கோட்டின் பக்கத்தில் மையால் இன்னொரு கோடு கிழித்து, பேனாவை இழுத்துக் காட்டினார். இயந்திரம் வாயைத் திறக்கவில்லை. "பார்த்தீர்களா, தப்பாகச் சொல்வதைவிடச் சும்மா இருந்துவிடும்" என்று பெருமையாகச் சிரித்தார். எனக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று.

இயந்திரம் வருவதற்கு முன்பே கோடுகளை ஒட்டிவைப்பது எங்கள் இருவர் வேலை. புத்தகங்களின் பெயர்களை வரிசையாக அச்சடித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். அதே வரிசையில் ஒட்டுத்தாள்களும் வந்தன, எண்ணுக்கு இரண்டாக. ஒன்று புத்தகத்துக்கு, மற்றொன்று ஃபைலில் சேமிப்புக்கு. பட்டியல்படி புத்தகங்களை அடுக்கி, ஒன்று ஒன்றாக உரித்து ஒட்ட வேண்டும். யாரேனும் எடுத்துப்போன புத்தகமாக இருந்தால் அதற்குரிய தாளைத் தனியே எடுத்துவைத்துவிட்டு அடுத்ததுக்குப் போக வேண்டும். வேலை அவ்வளவுதான்.

அறிவியல் அலமாரிக்கு ஒட்டிய மதியம் நான் கையை வேலையில் வைத்து மனத்தை வேறெங்கோ வைத்திருந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை என்னைப் பெண்பார்க்க வருவதாக இருந்தது. மாப்பிள்ளை எப்படி, என்ன வேலை என்று ரோஹானி அக்கா கேட்டுக்கொண்டே இருந்தார், நானும் வெட்கப்பட்டுக்கொண்டே சொல்லிக்கொண்டிருந்தேன். வண்ணத்துப்பூச்சிகளைப் பற்றிய புத்தகம் அலமாரியில் இல்லை. ஓர் ஆசிரியர் எடுத்துப் போயிருந்தார். அதன் தாளைத் தனியே வைக்காமல், அடுத்திருந்த தேனீப் புத்தகத்தில் ஒட்டினேன். தேனீயின் தாளைக் கடல் புத்தகத்தில் ஒட்டினேன். அங்கிருந்து அலமாரியின் கோடி வரைக்கும் ஒவ்வொரு புத்தகமும் தனக்கு முன்னால் நின்றதன் எண்ணைச் சுமந்தது. கடைசியில் ஒரு தாள் கையில் மிஞ்சியது.

அது ஏன் மிஞ்சியது என்று பட்டியலைத் திருப்பிப் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். மணி ஐந்தாகிவிட்டது. பஸ்ஸுக்கு நேரம். தாளைக் கசக்கிக் குப்பைக் கூடையில் போட்டேன். அண்ணே, தவறு கைதவறி நடந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். அந்தத் தாளை நான் கைதவறிப் போடவில்லை.

கம்ப்யூட்டர் வந்து சேர இன்னும் மூன்று வாரம் பிடித்தது. அதுவரை யார் எதை எடுக்கிறார்கள் என்று ஒரு நோட்டில் பெயரெழுதி வந்தோம். வாசுகி கடல் புத்தகத்தை எடுத்தது அந்த மூன்று வாரத்துக்குள். முகப்பில் நீலமாக ஒரு பெரிய மீன் இருக்குமே, அது. கம்ப்யூட்டர் வந்ததும் நோட்டிலிருந்த பெயர்களுக்குப் பட்டியலைப் பார்த்து எண்ணைத் தட்டினோம். வாசுகியின் பெயருக்கு நேராகக் கடல் புத்தகத்தின் சரியான எண் ஏறியது. சில நாள் கழித்து அவள் அதைத் திருப்பிக் கொண்டுவந்தபோது அதில் ஒட்டியிருந்தது தேனீயின் எண். நான் பேனாவை இழுத்தேன். சத்தம் வந்தது. தேனீப் புத்தகம் திரும்பிவிட்டதாக இயந்திரம் குறித்துக்கொண்டது. கடல் புத்தகம் அவள் பெயரிலேயே நின்றது.

திரையில் தேனீ என்று வந்திருக்கும். என் கையில் கடல் இருந்திருக்கும். நான் திரையையும் பார்க்கவில்லை, கையையும் பார்க்கவில்லை. சத்தம் வந்ததா என்று மட்டும்தான் கேட்டேன்.

மறுநாளே தஞ்சோங் காராங் பையன் ஒருவன் கடல் புத்தகத்தை எடுத்துப் போனான். அது தேனீ என்ற பெயரில் போயிற்று. ஒரு மாதம் கழித்து, திரும்பாத புத்தகங்களின் பட்டியலைக் கம்ப்யூட்டர் அச்சடித்துத் தள்ளியபோது வாசுகியின் பெயர் அதில் இருந்தது. நான் அலமாரியைப் பார்த்தேன். கடல் புத்தகம் அங்கே இல்லை. உங்களுக்குக் கடிதம் போட்டேன்.

நீங்கள் வந்த சனிக்கிழமை மழை பிடித்திருந்தது. உங்கள் வெள்ளைச் சட்டை தோளில் நனைந்திருந்தது. வாசுகி உங்களுக்குப் பின்னால், சனிக்கிழமைச் சிறப்பு வகுப்பு முடிந்து சீருடையைக்கூட மாற்றாமல் நின்றாள். நூலகத்தில் எட்டுப் பத்துப் பிள்ளைகள் இருந்தார்கள். அவள் வகுப்புப் பிள்ளைகளும் இருந்தார்கள்.

"வீடு பூரா தேடிட்டோம் மிஸ். கட்டிலுக்கு அடியில, கோழிக்கூண்டுல கூடப் பாத்தாச்சு" என்றீர்கள். "குடுத்துட்டேன்னு சொல்லுது."

"குடுத்திருந்தா இங்க வந்திருக்கும் அண்ணே. பாருங்க." திரையை உங்கள் பக்கம் திருப்பினேன். அதில் இருந்தது ஆங்கிலம். உங்களால் படிக்க முடியாது என்று எனக்குத் தெரியும். மகளின் பெயரை மட்டும் விரலால் தொட்டுக் காட்டினேன்.

"நா குடுத்தேன் மிஸ்" என்றாள் வாசுகி. "பொதங்கெழம, ஸ்கூல் விட்டு வந்து குடுத்தேன். நீங்கதா வாங்குனீங்க. அந்த செவப்பு பேனாவ வெச்சு இழுத்தீங்க. சத்தம் வந்துச்சு மிஸ்."

"வேற புஸ்தகமா இருக்கும்மா."

"இல்ல மிஸ். மீன் புஸ்தகம். சத்தம் வந்துச்சு."

நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை. மகள் சொல்வது உண்மையாக இருக்கக்கூடாதா என்று கேட்கிற பார்வை அது. "மிசினு ஏதும் தப்பு பண்ணியிருக்குமா மிஸ்?" என்று மிகவும் பணிந்து கேட்டீர்கள்.

எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. என் இயந்திரத்தைப் பற்றி ஒரு லோரிக்காரர் கேட்கிறாரே என்று வந்த கோபம். லயத்துப் பெண்ணுக்கு அந்தக் கோபம் வந்தது. "மிசினுக்குப் பொய் சொல்லத் தெரியாதுண்ணே" என்றேன். "மனுசங்கதா சொல்லுவாங்க."

நீங்கள் திரும்பி வாசுகியைக் கன்னத்தில் அறைந்தீர்கள். ஒரே அடி. அவள் அழவில்லை. கன்னத்தைக்கூடத் தொடவில்லை. உங்களைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள். மேசைகளில் இருந்த பிள்ளைகள் எல்லாரும் புத்தகத்துக்குள் தலையைக் குனிந்துகொண்டார்கள். "பஸ்ஸுல விட்டுருக்கும் மிஸ். பயத்துல பொய் சொல்லுது. மன்னிச்சுக்குங்க" என்றீர்கள். என்னிடம் மன்னிப்புக் கேட்டீர்கள். படியில் இறங்கும்போது அவள் உங்களுக்கு இரண்டு படி பின்னால் போனாள்.

ரோஹானி அக்கா அன்று என்னோடு பேசவில்லை. போகும்போது மட்டும் மலாயில், "குழந்தையின் முன்னால் அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம்" என்றார்.

ஆறு வாரம் போயிருக்கும். சபாக் பெர்ணத்துக்கு மாற்றலாகிப் போயிருந்த அந்த ஆசிரியர் வண்ணத்துப்பூச்சிப் புத்தகத்தோடு வந்து, தாமதத்துக்கு வருந்திக் கொடுத்துவிட்டுப் போனார். அதில் கோடுகள் இல்லை. ஒட்டலாம் என்று எடுத்துவைத்த தாளைத் தேடினேன். எடுத்துவைத்திருந்தால்தானே இருக்கும். ஃபைலில் சேமிப்புத் தாள் இருந்தது. அதன் எண்ணைப் பட்டியலில் பார்த்துவிட்டு அலமாரிக்குப் போனேன். அதே எண் தேனீயின் முதுகில் இருந்தது. தேனீயின் எண் கடலில் இருந்தது. ஆம், கடல் புத்தகம் அங்கேயே நின்றது. தஞ்சோங் காராங் பையன் கொண்டுவந்து கொடுத்திருந்தான். அடுத்ததைப் பார்த்தேன், அதற்கடுத்ததை. கடைசிப் புத்தகம் வரைக்கும் போய்ச் சேர்ந்தபோது என் ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

எனக்கு அப்போது முதலில் வந்தது வாசுகியின் முகம் என்று எழுத ஆசைதான். முதலில் வந்தது மேலாளரின் முகம். என் வேலை நிரந்தரமாக மூன்று வாரம் இருந்தது.

வெள்ளிக்கிழமைகளில் தொழுகைக்காக மதியம் நூலகத்தை நீண்ட நேரம் சாத்தியிருப்போம். ரோஹானி அக்கா வீட்டுக்குப் போய்விடுவார். இரண்டு வெள்ளிக்கிழமை, சோறு தின்னாமல், ஃபைலிலிருந்த சேமிப்புத் தாள்களை எடுத்துத் தவறான கோடுகளின் மேல் சரியான கோடுகளை ஒட்டினேன். ஒவ்வொன்றையும் பேனாவை இழுத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றும் சத்தம் போட்டது. முதலில் ஒட்டியபோது நான் காட்டாத கவனத்தை எல்லாம் மறைப்பதற்குக் காட்டினேன்.

"அந்தக் கடல் புத்தகம் கிடைத்துவிட்டது, இடம் மாறி இருந்தது" என்று ரோஹானி அக்காவிடம் சொன்னேன். அவர் கடவுளுக்கு நன்றி சொன்னார். "அந்தப் பிள்ளையிடம் சொல்லிவிடு. பாவம்" என்றார். சொல்கிறேன் என்றேன். உங்களுக்கு ஒரு கடிதம் தட்டினேன். இந்த விவகாரம் முடிந்தது, மேல் நடவடிக்கை இல்லை. ஒரே வரி. அதை மலாயில் எழுதினேன். உங்களுக்குத் தமிழ் படிக்க வரும் என்று தெரிந்துதான் மலாயில் எழுதினேன். தமிழில் எழுத உட்கார்ந்திருந்தால் அந்த ஒரு வரி இரண்டாம் வரியைக் கேட்டிருக்கும்.

அந்த வாரமே நீங்கள் வந்தீர்கள். ஒரு தார் பீசாங் எமாஸ் வாழைப்பழம் தோளில். வழியெல்லாம் பழம் அடிபடாமல் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்திருந்தீர்கள். மேசைமேல் வைத்துவிட்டு, மற்றவர்களுக்குக் கேட்காமல் குரலைத் தாழ்த்திப் பேசினீர்கள்.

"தோட்டத்து ஆபீஸ் கிராணிகிட்ட காட்டி படிச்சேன் மிஸ். கேஸ மூடிட்டாங்கன்னு சொன்னாரு. புள்ள தொலைச்சத நீங்க மனசு வெச்சு முடிச்சு விட்டிருக்கீங்க. ஒங்க வேலைக்கு ஏதும் வந்துறாதுல்ல?"

என் வேலைக்காகக் கவலைப்பட்டீர்கள் அண்ணே.

அப்போது சொல்லியிருக்கலாம். நூலகத்தில் அன்று யாரும் இல்லை. ரோஹானி அக்கா பின்னறையில் தேநீர் கலக்கிக்கொண்டிருந்தார். வாயைத் திறந்தேன். வந்தது என்ன தெரியுமா? "பரவால்லண்ணே" என்றேன்.

நீங்கள் செய்யாத தவற்றுக்கு, உங்கள் மகள் செய்யாத தவற்றுக்கு, அதைச் செய்தவள் பெரிய மனதோடு பரவாயில்லை என்று சொன்னேன். நீங்கள் தலையை ஆட்டி ஏற்றுக்கொண்டீர்கள்.

"வாசுகி வரலையா?"

"இனிமே வேணாம் மிஸ். மொதல்ல பொறுப்பு வரட்டும். பள்ளிக்கூட புஸ்தகம் போதும்னு சொல்லிட்டேன்."

அந்தப் பழத்தை ரோஹானி அக்காவிடம் பாதி கொடுத்தேன். மீதியை வீட்டுக்குக் கொண்டுபோனேன். நான் ஒன்றும் தின்னாமல் இருந்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். தின்றேன். இனிப்பாகத்தான் இருந்தது. வேலையும் நிரந்தரமாயிற்று.

அதற்குப் பிறகு நீங்கள் என்னை விடவில்லை. பாசாரில் பார்த்தால் லோரியை ஓரம் கட்டி இறங்கி வந்து பேசுவீர்கள். சுங்கை புரோங்கில் ஒரு கல்யாண வீட்டில் உங்கள் மனைவியை அழைத்துவந்து, "இவங்கதா அந்த மிஸ். நம்ம புள்ள புஸ்தகத்த தொலைச்சப்ப காப்பாத்தி விட்டாங்களே" என்று அறிமுகம் செய்தீர்கள். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். சோற்றுக்கு உட்கார்ந்தவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நல்லவள் என்று பார்த்தார்கள். நான் பந்தியை விட்டு எழுந்திருக்கவும் இல்லை.

ஒரே ஒரு முறை சொல்வதற்கென்றே புறப்பட்டு வந்தேன். நூலகத்தை மூடப்போகிறார்கள், கடைசி மாதம். இனி இழக்க வேலை இல்லை என்று ஆன பிறகு எனக்குத் துணிச்சல் வந்திருந்தது. உங்கள் தோட்டத்துக்கு பஸ் பிடித்து வந்தேன். நீங்கள் லோரியின் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள். நாற்காலி போட்டு, உங்கள் மனைவியிடம் தேநீர் கேட்டீர்கள். வாசுகி இடைநிலைப் பள்ளியில் படிவம் மூன்றோடு படிப்பை நிறுத்திவிட்டு ரவாங்கில் ஒரு தொழிற்சாலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவளைப் பற்றி நான் கேட்டதும் உங்கள் முகம் மலர்ந்தது.

"லைன் லீடர் ஆக்கியிருக்காங்க மிஸ். அதுக்குக் கீழ பன்னெண்டு பேரு" என்றீர்கள். பிறகு, "அன்னிக்கு ஒங்க முன்னால கைய நீட்டிட்டேன். மனசுக்குக் கஷ்டமாத்தா இருந்துச்சு. ஆனா ஒண்ணு. அந்த அடிக்கப்புறம் அது ஒரு சாமான தொலைச்சதில்ல. அந்த அடிதா அதுக்குப் பொறுப்ப குடுத்துச்சுன்னு நெனச்சுக்குவேன்."

அவளிடம் பொறுப்பு முன்பே இருந்தது அண்ணே. நான் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அந்த அடி உங்கள்மேல் திரும்பி விழுமே, அதை நீங்கள் எப்படித் தாங்குவீர்கள் என்று யோசித்தேன். அது கருணை என்று பல ஆண்டுகள் நம்பினேன். தேநீரைக் குடித்துவிட்டு, ஐந்தரை பஸ்ஸில் திரும்பினேன்.

உங்கள் இறப்புச் செய்தி எனக்குத் தாமதமாகத்தான் வந்தது. பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தேன். வாசுகி வாசலில் வந்தவர்களை வரவேற்றுக்கொண்டிருந்தாள். ஐம்பதை நெருங்கும் பெண்; முன்தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது.

"வாங்க மிஸ்" என்றாள். அதே குரல்.

படையல் முடிந்து ஆட்கள் சாப்பிடப் போன பிறகு, வீட்டின் பக்கவாட்டில் பாத்திரங்கள் கழுவும் இடத்தில் அவளைத் தனியே பிடித்தேன். நின்றபடியே சொன்னேன். வண்ணத்துப்பூச்சி, தேனீ, கடல், குப்பைக் கூடையில் போட்ட தாள், வெள்ளிக்கிழமைகள், மலாய்க் கடிதம். எதையும் விடவில்லை. அவள் ஓர் அண்டாவைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டாள்.

"தெரியும் மிஸ்" என்றாள்.

எப்படி என்று கேட்டேன்.

"ஃபேக்டரில நானும் பெட்டிக்கு லேபல் ஒட்டற வேலதா பாத்தேன். சேந்த ரெண்டாவது வருசம் ஒரு பொண்ணு ஒரு லேபல தாண்டி ஒட்டிருச்சு. ஒரு பேலட் பெட்டி முழுக்க மாறிப் போச்சு. ஸ்கேன் பண்ணா எல்லாம் சத்தம் போடுது, உள்ள இருக்கறது வேற. அன்னிக்கே எனக்கு வெளங்கிருச்சு. இப்படித்தா நடந்திருக்கும்னு."

"அப்பாகிட்ட சொன்னியாம்மா?"

"சொன்னேன் மிஸ். வீட்டுக்கு வந்த ஒடனே சொன்னேன். பேப்பர்ல எழுதிக்கூடக் காட்டுனேன். அப்பா நம்பல. 'அந்த மிஸ் அப்படிப்பட்டவங்க இல்ல. அவங்க தப்பா இருந்தா என்கிட்ட சொல்லியிருப்பாங்க'ன்னாரு. அதுக்கு மேல நா பேசல."

உள்ளே யாரோ தண்ணீர் கேட்டுக் கூப்பிட்டார்கள். அவள் "வரேன்லா" என்று குரல் கொடுத்தாள், போகவில்லை.

"மன்னிச்சிரும்மா" என்றேன். வேறென்ன சொல்வது.

"என்கிட்ட சொல்லி என்னா மிஸ்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும். "நா குடுத்தது எனக்குத் தெரியும். அவருக்குத்தா கடைசி வரைக்கும் தெரியாம போச்சு."

சாப்பிட்டுப் போகும்படி சொல்லிவிட்டுத் தண்ணீர்ச் செம்போடு உள்ளே போனாள்.

அண்ணே, ஒன்றரை மாதமாக நான் அதைத்தான் சுமந்துகொண்டு திரிகிறேன். நான் உங்கள் மகளுக்குச் செய்தது ஒன்று. உங்களுக்குச் செய்தது இன்னொன்று, அதை நான் எண்ணிப் பார்த்ததே இல்லை. சொந்த மகள் பேப்பரில் எழுதிக் காட்டியும், என் நேர்மைமேல் வைத்த நம்பிக்கையால் அவளை நம்பாமல் போனீர்கள். அவளைப் பற்றிப் பெருமைப்பட உங்களுக்கு எவ்வளவோ இருந்தது. அதில் ஒன்றை நான் என் மேசைக்கு அடியில் வைத்துப் பூட்டிக்கொண்டேன். பதின்மூன்று வயதில், அத்தனை பேர் முன்னால் அறை வாங்கியும், நடந்ததை நடந்தபடி சொன்ன பிள்ளை உங்கள் பிள்ளை. அதைத் தெரிந்துகொண்டு நீங்கள் போயிருக்க வேண்டும்.

பரவாயில்லை என்ற சொல்லை இப்போது நான் யாரிடமும் சொல்வதில்லை.

மன்னிப்புக் கேட்க எனக்கு உரிமை இல்லை; கேட்கப்போவதும் இல்லை. நீங்கள் அன்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டீர்களே, அதற்கு மட்டும் பதில் சொல்கிறேன். இயந்திரம் தப்பு செய்யவில்லை. உங்கள் மகளும் செய்யவில்லை. மாற்றி ஒட்டியது நான். அந்தப் புத்தகத்தை வாசுகி ஒரு புதன்கிழமை, பள்ளி விட்டு வந்து, என் கையில் கொடுத்தாள் அண்ணே. நான் வாங்கினேன்.